ஏற்காட்டில் கூலிப் பணமில்லாமல் காப்பிப் பறிப்பு: உங்கள் கேள்விக்கு

பத்துக் குடும்பங்கள் கூலி கொடுக்காமல், ஒருவர் தோட்டத்தில் மற்றவர் காப்பி பறித்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கீங்க. முடியும், யார் யாருக்கு எவ்வளவு வேலை செய்தார் என்ற கணக்கு இருந்தால். அதைக் கிலோவில் எழுதாதீங்க, முதல் சுற்றில் சிவந்த பழத்தை மட்டும் பொறுக்குபவருக்கு எடை குறையும், சண்டை வரும். மணிக்கணக்கை ஒரே நோட்டில், இருவர் கையெழுத்தோடு எழுதுங்க. யார் பாக்கியும் 40 மணியைத் தாண்டக் கூடாது.

பெரிய சிக்கல், எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஆள் தேவைப்படுவது. தாழ்வான தோட்டத்தில் முன்னதாகப் பழுக்கும். அந்த வரிசையில் முறை போடுங்க. மிஞ்சிய பாக்கியை மிளகுப் பறிப்பிலோ கவாத்திலோ (கிளை வெட்டுவதிலோ) தீர்க்கலாம். 1983இல் கனடாவின் காமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லிண்டன் என்பவர் தொடங்கியதும் இப்படிப் பணமில்லாத ஒரு வரவு-பற்றுக் கணக்குதான். உரம், டீசல், சேலம் பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் ரூபாயைத் தனியாக ஒதுக்கிடுங்க.