காது கேளாத, பயந்த சுபாவமுள்ள நாயைக் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கலாமா?

காப்பகத்தில் ஒரு வெள்ளைப் பெண் நாய், பிறவியிலேயே காது கேளாது, ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்கிக்கொள்கிறது, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறேன், ஆனால் இப்படி ஒன்றை வளர்த்ததில்லை, எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுங்கள். எதற்குத் தயாராக வேண்டும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். காது கேளாததுதான் பெரிய சிக்கல் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டு மல்லியும் இதே போலக் காப்பகத்திலிருந்து வந்தவள்தான். அவளோடு வாழ்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: காது கேளாமை உங்களுக்குச் சீக்கிரமே பழகிவிடும், உங்கள் பொறுமை முழுவதையும் கேட்கப்போவது பயம்தான். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை குறைந்துவிடும்.

முதலில் காது. நிறத்துக்கும் கேட்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உட்காதில் ஒலியை வாங்கும் செல்கள் உயிரோடு இருக்க, பக்கத்திலேயே நிறமிச் செல்களும் இருக்க வேண்டும். வெண்மையைத் தரும் சில மரபணுக்களால் அந்த நிறமிச் செல்கள் அங்கே இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலி வாங்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. டால்மேஷன் இனத்திலும், மெர்ல் எனப்படும் திட்டு நிறம் கொண்ட நாய்களிலும் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம் தென்படுவது இதனால்தான். வலி எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படி இருக்கும் நாய்க்குத் தனக்கு ஒரு குறை இருப்பதாகவே தெரியாது. ஆனால் தாய், தந்தை இரண்டும் மெர்ல் நிறமாக இருந்தால் குட்டிக்குக் கண்ணிலும் கோளாறு இருக்கலாம். உங்கள் நாயின் பெற்றோரைப் பற்றித் தகவல் கிடைக்காது என்பதால், கண்களையும் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்தான் இனி அதற்கு எல்லாமும்.

உண்மையிலேயே கேட்கவில்லையா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. காது கேளாத நாய் காற்றசைவையும் தரையின் அதிர்வையும் உணர்ந்து திரும்பிவிடும். காது கேட்கும் நாயோ பயத்தில் உறைந்துபோய்த் திரும்பாமலே இருந்துவிடும். பேயர் என்றொரு பரிசோதனை இருக்கிறது. தலையில் சிறு மின்முனைகளைப் பொருத்தி, காதில் ஒலி கொடுத்து, மூளைத்தண்டு அதற்கு எதிர்வினை தருகிறதா என்று பதிவு செய்வார்கள். ஒரு காது மட்டும் கேட்கிறது என்றாலும் அதில் தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் இந்த வசதி கிடையாது. செய்ய முடியாவிட்டால் கேட்காது என்றே வைத்துக்கொண்டு பழக்குங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

பழக்குவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. நாய்கள் இயல்பாகவே நம் சொல்லைவிட நம் உடலைத்தான் அதிகம் கவனிக்கின்றன. கட்டைவிரலை உயர்த்துவது ‘சபாஷ்’ என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும். விரலை உயர்த்திய அடுத்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த கோழியோ வேறு விருப்பமான தீனியோ கொடுங்கள். அது புரிந்துவிட்டால் உட்கார், வா, காத்திரு எல்லாவற்றையும் அதன் மேலேயே கட்டலாம். சைகைகள் ஒற்றைக் கையால் செய்யக்கூடியவையாக இருக்கட்டும், மறுகையில் எப்போதும் வார் இருக்கும். வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே சைகையைச் செய்ய வேண்டும். இருட்டில் கூப்பிட வாசல் விளக்கை அணைத்து எரியவிட்டால் போதும். லேசர் ஒளியை மட்டும் பயன்படுத்த வேண்டாம், ஒளிப்புள்ளியைத் துரத்துவதே தீராத வெறியாக மாறிவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. அது தானாக உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பரிசு கொடுங்கள். மல்லி இப்போது நடைக்குப் போகும்போது, சில அடிகளுக்கு ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பாள். புதரில் எதையாவது முகர்ந்துகொண்டிருந்தாலும் ஒரு கண் என் பக்கம்தான். நான் கூப்பிட வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.

இனி பயம். காது கேட்கும் நாய்க்கு நீங்கள் வருவது காலடி ஓசையிலேயே தெரிந்துவிடும். காது கேளாத நாய்க்கு ஒவ்வொருவரும் திடீரென்று முளைத்து நிற்கிறார்கள். ஏற்கெனவே மிரண்டுபோன நாய்க்கு நாள் முழுவதும் இப்படியே நடந்தால் அது எப்படித் தேறும்? ஆகவே அந்த நாய்க்கு நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி, அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரியப்படுத்துவது. பின்னாலிருந்து நெருங்காதீர்கள். அறைக்குள் நுழையும்போது தரையை லேசாகத் தட்டுங்கள். படுக்கையைச் சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடி போடுங்கள்.

தூங்கும் நாயை எழுப்புவதற்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். உலுக்கி எழுப்பினால் எந்த நாயும் பதறிக் கடிக்க வரலாம், அதை நாயின் குற்றம் என்று சொல்ல முடியாது. தீனியை மூக்கருகே கொண்டுபோய்ப் பிடித்திருங்கள். மல்லிக்கு முதலில் மூக்கு நுனி மட்டும் அசையும், பிறகு மீசை மயிர்கள் துடிக்கும், அதற்கப்புறம்தான் கண் திறக்கும். திறந்த கண்ணில் பயம் இருக்காது, ஏனென்றால் வாசனை முன்பே சேதி சொல்லியிருக்கும். சில நாட்கள் இப்படிப் பழகியபின் தோளில் மெல்லத் தொட்டு உடனே தீனி கொடுங்கள். தொடுதல் என்றால் நல்லது வருகிறது என்பது அதன் மனத்தில் பதிய வேண்டும். அதேபோல், அது தூங்கும்போது சொல்லாமல் வெளியே போய்விடாதீர்கள். விழித்துப் பார்த்தால் வீடே காலியாக இருப்பது அதற்குப் பெரிய கலக்கம். எழுப்பி, போய்வருகிறேன் என்பதற்கான சைகையைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் சில வாரங்கள் நீங்கள் அதனிடம் போக வேண்டாம், அது உங்களிடம் வரட்டும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணுக்குள் பார்க்காதீர்கள், தலைக்கு மேல் கையை நீட்டாதீர்கள். தீனியை உங்கள் அருகே போட்டு இழுக்காமல், அதற்குப் பின்னால் விழும்படி வீசுங்கள். விலகிப் போகவும் வழியிருக்கிறது என்று தெரிந்த நாய்தான் துணிந்து கிட்டே வரும். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவையெல்லாம் ‘போதும், விலகு’ என்பதற்கான அடையாளங்கள். அசையாமல் கிடக்கும் நாயைப் பார்த்து, தொட்டால்கூடச் சும்மா இருக்கிறதே, எவ்வளவு சாது என்று மகிழ்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அது பயத்தின் உச்சம். பயந்த நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். உங்களை ஒண்டி வந்து நின்றால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் 3 நாளில் மூச்சு விடும், 3 வாரத்தில் நடைமுறை புரியும், 3 மாதத்தில் தன் வீடு என்று உணரும் என்று காப்பகத்தார் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். பயந்த நாய்க்கு அது போதாது.

உண்மையான ஆபத்து எது என்றால், நழுவி ஓடுவது. நழுவிய பிறகு கூப்பிட முடியாது, வரும் வண்டியின் ஓசையும் அதற்குக் கேட்காது. ஆகவே கழுத்துப்பட்டை ஒன்று, மார்பையும் உடலையும் சுற்றி மாட்டும், விலா எலும்புக்குப் பின்னால் கூடுதல் பட்டை உள்ள ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் வார் மாட்டியிருக்க வேண்டும். வேலி இல்லாத இடத்தில் ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப், ‘எனக்குக் காது கேளாது’ என்று எழுதிய வில்லை, வீட்டுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்கள் அறிய ஒரு சிறு மணி, மூன்றும் தேவை. அதிரும் கழுத்துப்பட்டையை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள், மிரண்ட நாய் அதைக் கண்டே மிரளும். மின்னதிர்ச்சி தரும் பட்டை எக்காலத்திலும் கூடாது.

காது கேளாத நாய்கள் முரடாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லுங்கள். இன்னொரு நல்ல செய்தி: வெடிச்சத்தத்தில் மற்ற நாய்கள் கட்டிலுக்கு அடியில் நடுங்கும் இரவுகளில் மல்லி நிம்மதியாகத் தூங்குகிறாள். அமைதியான சுபாவமுள்ள இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் மிகவும் நல்லது, அதைப் பார்த்தே இது பாதி கற்றுக்கொள்ளும்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும், விருந்தினர் ஓயாமல் வந்துபோகும் வீட்டுக்கும், கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் வீட்டுக்கும் இந்த நாய் பொருந்தாது. அழைத்துவந்த முதல் வாரமே மடியில் ஏறிப் படுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கும் வேண்டாம். உங்கள் வீடு அப்படி இல்லை என்றால், காப்பகத்தாரிடம் சிலவற்றைக் கேளுங்கள்: மற்ற நாய்களோடு எப்படிப் பழகுகிறது, யாரையாவது கடித்திருக்கிறதா, தினமும் உணவு வைப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறது, சில வாரங்கள் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதிப்பார்களா. பிறகு அந்தக் கூண்டின் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளே ஒரு துண்டுத் தீனியைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரே நாளில் நடக்காது, மறுபடியும் மறுபடியும் போங்கள். கையிலிருந்து வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதில்லை. நீங்கள் அங்கே இருக்கும்போதே அந்தத் துண்டை எடுத்துச் சாப்பிட்டது என்றால், அன்றே தத்தெடுப்புப் படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.