மனப்பதற்றம் வரும்போது பீடியோ கஞ்சாவோ புகைத்தால் நிம்மதியாக இருக்கிறதே, அது உண்மையிலேயே உதவுகிறதா?

நிம்மதி வருவது பொய்யில்லை. எதிலிருந்து நிம்மதி என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன.

பாம்பன்காரன் நான். ராமேசுவரத்து விசைப்படகு ஒன்றில் வேலை. வலையை இறக்கி இழுத்துச் செல்லும் இரவு நேரம்தான் எனக்கு ஆகாது. எல்லைக்கோடு எவ்வளவு தூரம், அங்கே தெரியும் விளக்கு யாருடையது, பிடிபட்டால் படகு போய்விடுமே என்று நெஞ்சு படபடக்கும். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் இரண்டு பாலிதீன் பைகளுக்குள் முடிந்து வைத்திருப்பேன். அப்படியும் பீடி நமுத்துப்போகும். எஞ்சின் மூடியின்மேல் வரிசையாக அடுக்கிக் காயவைப்பேன். டீசல் வாடையோடு முதல் இழுப்பு இறங்கியதும் படபடப்பு அடங்கிவிடும். கடல் பயத்துக்குப் பீடிதான் மருந்து என்று அப்போது சத்தியமே செய்திருப்பேன்.

குட்டு உடைந்தது ஒரு தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ரோந்துப் படகு இல்லை, எல்லைக்கோடு இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலைக் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அங்கேயும் அதே படபடப்பு, அதுவும் மணி அடித்தாற்போல இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கரையில் எதற்குப் பயம்?

அரசு மருத்துவர் ஒருவர் விளக்கினார். புகை உள்ளே போன சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையைத் தொட்டுவிடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். குறையக் குறைய எரிச்சலும் தவிப்பும் கிளம்பும். முந்தைய பீடி வைத்துப்போன கடனுக்கு அடுத்த பீடி வட்டி கட்டுகிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நிக்கோட்டின் இதயத்துடிப்பைக் கூட்டுகிற பொருள்.

கஞ்சாவில் என் அனுபவம் ஒரே இரவு. உடன் வேலை செய்தவர் கொடுத்தார். முதலில் எல்லாம் இலேசானது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்ததும் எங்கள் எஞ்சின் சத்தமே வேறொரு படகு நெருங்கும் சத்தமாகக் கேட்டது. விடியும்வரை ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தேன். அதில் போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் சிறிய அளவில் பதற்றத்தைத் தணிக்கலாம், அளவு கூடினால் கிளப்பிவிடும். பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. போதாததற்கு 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்திருந்தாலே வழக்கு. பதற்றத்துக்கு மருந்து தேடப்போய் போலீஸுக்குப் பதறுவதா?

பீடியை விட்டபோது 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மென்றேன். முதல் மூன்று நாள் வீட்டில் யாரும் என் பக்கமே வரவில்லை. அந்த வாரத்தை வைத்து முடிவு கட்டாதே என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஒரு மாதத்தில் கரைப் படபடப்பு போனது. கடல் படபடப்பு போகவில்லை. அதற்குத் தனியாக ஆலோசனைக்குப் போகிறேன்.

போவதாகச் சொன்னதும் மச்சான் கேட்டார், "ஏர்வாடிக்கா மாப்பிள்ளை?" 2001இல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியவில்லை. மனசு சரியில்லை என்று வாய்திறக்கவே இந்தக் கரையில் ஆட்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. உங்களுக்கும் கூச்சமாக இருந்தால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். நான் முதல்முறை அழைத்தது கட்டிக்கிடந்த படகுக்குள் ஒளிந்துகொண்டு. சிக்னல் இரண்டு தடவை போனது.