வேதத்தில் உள்ள வாக்குத்தத்தங்கள் நிறைவேறும் என்று எப்படி நம்புவது?

கேட்டவர் இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருக்கிறார். உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று ஆண்டவர் சொல்லும் எரேமியா 29:11 ஐத் தனக்கான வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு தினமும் ஜெபிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. "என் விசுவாசம் போதவில்லையா, இல்லை அந்த வசனமே வெறும் ஆறுதல் வார்த்தையா?" என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் இல்லை என்பது என் பதில். இதை நான் சுலபமாகச் சொல்லிவிடவில்லை.

என் அப்பா நோயில் கிடந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் 91 ஆம் சங்கீதம்தான். அம்மாவின் வேதாகமத்தில் "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு இருக்கும். ஓரத்தில் ஒரு தேதி, பக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து. அப்பா பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த யாரோ நான்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் வேதத்தைத் திறக்கவே இல்லை. அந்தப் பேச்சு பக்தி அல்ல, கொடுமை. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மறுபடி படிக்கத் தொடங்கியபோது கண்ணில் பட்டது மத்தேயு 4 ஆம் அதிகாரம். தேவாலயத்து உப்பரிகையில் நின்று, "தாழக்குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்று சோதனைக்காரன் எடுத்துக்காட்டுவது அதே 91 ஆம் சங்கீதத்தைத்தான்! இயேசு குதிக்கவில்லை, வசனம் பொய் என்றும் சொல்லவில்லை. வாக்குத்தத்தத்தைக் கடன்பத்திரம் மாதிரி ஆண்டவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இன்றைக்கே தீர்த்துவிடும்" என்று கேட்பது நம்பிக்கை ஆகாது என்று அப்போது உறைத்தது. எட்டு மாதமும் நான் செய்தது ஏறக்குறைய அதுதான். அம்மா செய்தது வேறு என்று இப்போது நினைக்கிறேன்.

உங்கள் வசனத்துக்கு வருகிறேன். 11 ஆம் வசனத்தை நாம் தனியாகப் பிய்த்து எடுத்துவிடுகிறோம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்கே இருக்கிறது. இன்னும் மேலே போனால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்கிறது. கடிதம் கையில் கிடைத்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தவர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவித்தான். கேட்க இனிப்பான வாக்குத்தத்தம் அவனுடையதுதான். அது பொய்யாகப் போனது.

ஆகவே, "இந்த வருடம் இந்த வேலை" என்று அந்த வசனம் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது சொல்வது, தம்முடைய ஜனத்தை ஆண்டவர் கைவிடுவதில்லை என்பது. அதை நீங்கள் முழுப் பாரத்தோடும் நம்பலாம். முதலில் கேட்கும்போது இது குறைந்துபோன மாதிரிதான் இருக்கும். எனக்கும் இருந்தது.

அப்படியானால் நம்புவது என்றால் என்ன? எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது 32 ஆம் அதிகாரம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பெரியப்பாவோ சித்தப்பாவோ பெற்ற பிள்ளை அனாமெயேல் வந்து, தங்கள் ஊரான ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். நாடே பறிபோகப் போகிற நேரத்தில் நிலம்! எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், முத்திரை வைக்கிறார், சாட்சிகளை நிறுத்துகிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார், அதற்காகத்தான் இத்தனையும்.

நான் பலமுறை திரும்பப் படித்தது அதற்கு அடுத்து வரும் ஜெபத்தை. பத்திரத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் எரேமியா முறையிடுகிறார்: மதிலுக்கு எதிராக மண்மேடு போட்டாகிவிட்டது, நகரம் பாபிலோனியராகிய கல்தேயர் கையில் போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே! அவருக்கும் புரியவில்லை. புரியாமலேதான் வெள்ளியை நிறுத்தினார். சந்தேகம் தீரும்வரை அவர் காத்திருக்கவில்லை. சந்தேகத்தை மறைக்கவும் இல்லை.

பிறகு நடந்தது என்ன? நகரம் எரிந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு பிடி விதைத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. கி.மு. 539 இல் பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசிடம் விழுந்தது. சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2 இல் இருக்கிறது. பெயரும் எண்ணிக்கையுமாக நீளும் அந்த அதிகாரத்தை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். ஒருநாள் தாண்டாமல் படித்தபோது 23 ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

ஆபிரகாமின் கதையும் இதே மாதிரிதான். ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் அவசரப்பட்டு, அடிமைப்பெண் ஆகார் மூலம் 86 வயதில் ஒரு பிள்ளையும் பெற்றுவிட்டார். தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று வாக்குப் பெற்றவருக்கு, மனைவி சாராளை அடக்கம் பண்ண மக்பேலா நிலத்தை 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று எபிரெயர் 11:13 ஒளிக்காமல் சொல்கிறது. ஆபிரகாமுக்கே இல்லாத கெடுவை உங்களுக்கு வைத்து, "உன் விசுவாசம் போதாது" என்று சொல்ல யாருக்கு உரிமை?

வேலைக்கு விண்ணப்பம் போடுவதை நிறுத்தாதீர்கள். அதை அவநம்பிக்கை என்று சொல்பவர்கள் உண்டு. சிறைப்பட்ட ஊரில் வீடு கட்டச் சொன்னவர் அப்படிச் சொல்லவில்லை. ஜெபிக்கும்போது 29:11 ஐ மட்டும் சொல்லாமல், உங்கள் கேள்வியையும் அவரிடமே கேளுங்கள். "வாக்குத்தத்தமானது தலைமுறை தலைமுறைக்கும் ஒழிந்துபோயிற்றோ?" என்று 77 ஆம் சங்கீதத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதை யாரும் வேதத்திலிருந்து அழித்துவிடவில்லை.

அம்மாவின் வேதாகமத்தை போன வாரம் புரட்டினேன். 91 ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் பழைய தேதிக்குக் கீழே இன்னொரு தேதி, அதே பென்சிலில். அப்பா இறந்து மூன்று வாரம் கழித்து எழுதியது. அந்த நாளில் அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அவருக்கு வந்திருக்கிறது.