நத்தைக்குள் இருக்கும் புழுவை ஒழிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. நத்தையிலிருந்து வரும் புழுதான் காரணமாம். மயில்துத்தம் போட்டு நத்தைகளைக் கொன்றுவிடலாம் என்கிறார்கள். ஒட்டுண்ணியால் ஏரிக்கு ஏதாவது பயன் உண்டா?
– ஒரு வாசகி, செய்யாறு

பதில்: துத்தம் வேண்டாம் அம்மா. நத்தையோடு மீனும் சாகும். அந்தப் புழு தேடுவது பறவையை அல்லது மாட்டை; தவறி நம் தோலுக்குள் நுழைந்து செத்துப்போகிறது, அதனால்தான் அரிப்பு. கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். தடிப்பு அதிகமானால் டாக்டரிடம் காட்டுங்கள்.

முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். குளத்து நத்தையைக் கண்ணாடி டம்ளரில் விட்டு வெயில்படும் ஜன்னலில் வைப்போம். சில நத்தைகளிலிருந்து வெள்ளைத் தூசு மாதிரி கிளம்பும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு தூசுக்கும் ஒரு வால், துடித்துத் துடித்து நீந்தும். முகம் சுளித்த மாணவர்கள் பிறகு லென்ஸைக் கீழே வைக்கவே மாட்டார்கள்.

பயன் கேட்டீர்கள். கலிபோர்னியாவில் கார்ப்பின்டீரியா என்றொரு உப்புச் சதுப்பு. அங்கே பறவைக் குடலில் வாழும் ஒரு தட்டைப்புழுவின் முட்டை எச்சத்தோடு விழுகிறது. அதைத் தின்னும் கொம்பு நத்தை மலடாகி, புழுவையே வளர்க்கிறது. வெளிவரும் குஞ்சுப்புழு கில்லி என்ற சிறு மீனுக்குள் புகுந்து மூளைமேல் தங்குகிறது. அந்த மீன் சும்மா இருப்பதில்லை. மேலே வந்து புரண்டு, வெள்ளை வயிறு பளிச்சிடத் துள்ளும். இத்தகைய மீன்களைப் பறவைகள் 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பிடித்தன என்று 1996இல் லாஃபர்ட்டி, மோரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பறவைக்கு இரை எளிதாகிறது, புழுவுக்கு வீடு கிடைக்கிறது.

அந்தச் சதுப்பிலும் மெக்சிகோவின் இரண்டு கழிமுகங்களிலும் வாழும் உயிர்களின் எடையை ஆய்வாளர்கள் அளந்து 2008இல் வெளியிட்டார்கள். ஒட்டுண்ணிகளின் மொத்த எடை பறவைகள் போன்ற பெரிய வேட்டையாடிகளின் எடையைவிட அதிகம்! எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

கார்ப்பின்டீரியாவில் கெட்டுப்போன பகுதியைச் சீரமைத்த பிறகு நத்தைகளில் புழுக்கள் வருஷா வருஷம் கூடின. பறவைகள் திரும்பிவந்ததற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஏரிக்கு என்னென்ன பறவைகள் வருகின்றன? மாடுகளையும் அங்கேதான் குளிப்பாட்டுகிறார்களா? அடுத்த கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள்.