கண்ணகி இழந்தது, மணிமேகலை பெற்றது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் அடுத்தடுத்து வாசித்தேன். கண்ணகி அரசவைக்குள் புகுந்து 'தேரா மன்னா' என்கிறாள். மணிமேகலையோ காதலித்தவனை விட்டு விலகித் துறவியாகிறாள். பெண்ணுக்கு உயர்ந்த இடம் தந்தவர் இளங்கோதான், சாத்தனார் அவளை ஒடுக்கிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படிப் படவில்லை. கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை எப்போது வாசித்தாலும் மெய்சிலிர்க்கும். ஆனால் ஒரு பெண்ணின் நிலையை அவள் பொங்கியெழுந்த ஒரு நாளை வைத்து அளக்க முடியாது. கொஞ்சம் பின்னால், கொலைக்களக் காதைக்குப் போங்கள். மதுரையில், ஆயர் மனையில், கோவலனுக்கு வாழைக்குருத்தில் சோறு பரிமாறிய பிறகு கண்ணகி வாய் திறக்கிறாள்:

'அறவோர்க்கு அளித்தலும் அந்தணர் ஓம்பலும்
துறவோர்க்கு எதிர்தலும் தொல்லோர் சிறப்பின்
விருந்து எதிர்கோடலும் இழந்த என்னை'

இத்தனை காலத் தனிமையில் அவள் எடுத்துச் சொல்லும் இழப்பு இதுதான். கணவன் உடனில்லாத பெண், வாசலுக்கு வந்தவரை வரவேற்று உபசரிக்க முடியாது. மாமனும் மாமியும் பார்க்க வந்தபோது பொய்யாகச் சிரித்து நின்றதையும் அங்கேயே சொல்கிறாள். பாண்டியன் முன் நின்றபோதும் 'கோவலன் மனைவி' என்றே தன்னை அறிவிக்கிறாள். அந்தப் பெருங்கோபத்துக்கு உரிமை தந்தது மனைவி என்ற நிலை.

இப்போது மணிமேகலையைப் பாருங்கள். கணவன் இல்லை, இல்லம் இல்லை, பிறப்போ கணிகையர் குலம். அவள் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தைக் கொடுக்கிறார் சாத்தனார். பசித்து வந்த யாருக்கும் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்துக்குள்ளும் போய்ச் சோறிட்டு, அந்தச் சிறைக்கோட்டத்தையே அரசனிடம் கேட்டு வாங்கி அறக்கோட்டமாக்குகிறாள். கண்ணகி இழந்ததெல்லாம், எந்த ஆணின் துணையும் இல்லாமல் அவளுக்குக் கிடைக்கிறது. பெற்றவளான மாதவியே இவளை 'மாபெரும் பத்தினி மகள்' என்று கண்ணகியின் மகளாகச் சொல்லும் வரியோடு இதைச் சேர்த்து வாசித்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அதற்காகச் சாத்தனார் பழைய அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சையைக் கற்பில் சிறந்த ஆதிரைதான் இட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒடுக்கினார் என்பதை ஏற்க முடியவில்லை. அவளை விரும்பிய சோழ இளவரசன் உதயகுமரன் அவளைக் கற்பில்லாதவள், பொருளுக்கு விலைபோகிறவள் என்று இகழ்ந்த பிறகும், 'புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்' என்று, அவன் பின்னால் தன் மனம் போனதைத் தோழி சுதமதியிடம் தன் வாயாலேயே சொல்கிறாள். ஆசையை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, அதைத் தாண்டிப் போகிறாள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய இடம் வேறொன்று. இளம்பெண் என்றால் சமயவாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்லமாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வமே எச்சரித்து, வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைத் தருகிறது. வஞ்சி மாநகரில் அவள் ஆண் துறவியின் வடிவில்தான் அவர்களைக் கேட்கிறாள். அறிவின் வாசல் பெண்ணுக்கு அடைத்திருந்ததைச் சாத்தனார் மூடி மறைக்கவில்லை. பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் அவளே சொல்கிறாள்: அந்த வேடத்தை விட்டதுபோலவே, அங்கே கேட்ட ஐவகைச் சமயத்தையும் விட்டுவிட்டேன், எனக்கு மெய்ப்பொருளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.