மிச்சம் பிடிப்பதென்றால் இறக்கத்தில் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு 48 வயது, மனைவிக்கு 44. வரும் அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக ஆசை. காட்மாண்டுவில் இரண்டு நிறுவனங்களிடம் விசாரித்தோம். ஒன்று 14 நாள் திட்டம் கொடுத்தது. இன்னொன்று, "இரண்டு ஓய்வு நாளையும் எடுத்துவிடலாம், திரும்பும்போது பேஸ் கேம்ப் பக்கத்து ஊரான கோரக்ஷெப்பிலிருந்து ஹெலிகாப்டர், 9 நாளில் முடிந்துவிடும்" என்கிறது. லீவு கிடைப்பது கஷ்டம். தினமும் 10 கி.மீ. ஓடுகிறேன். பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் 9 நாள் போதாதா?
- க.ச., திருச்சி

பதில்: போதாது. ஆனால் 14 நாளும் வேண்டியதில்லை.

நிறுவனம் அனுப்பும் திட்டத்தில் எத்தனை நாள் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விமானத்தில் லுக்லா போய் இறங்கிய அன்று பாக்டிங், 2,610 மீட்டர். மறுநாள் நாம்சே பஜார், 3,440. அடுத்து தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக்ஷெப் 5,164. மேலே ஆக்சிஜன் குறைவதற்கு உடம்பு பழகாவிட்டால் வருவதுதான் உயர நோய். அதைத் தவிர்க்க, 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏற்றத்தை நிறுத்த வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர். அந்தக் கடனை அடைக்கத்தான் நாம்சேயில் இரண்டு இரவு. தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சேக்கு 550, அங்கிருந்து லோபுச்சேக்கு 530. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டிங்போச்சேயில் இரண்டாவது நிறுத்தம். 9 நாள் திட்டம் எடுத்துவிட்டது சரியாக இந்த இரண்டு இரவுகளைத்தான்.

'ஓய்வு நாள்' என்ற பெயரே தப்பு. அன்று படுத்துக் கிடக்கக் கூடாது. நாம்சேயில் இருக்கும் அன்று காலையில் 3,880 மீட்டரில் உள்ள ஹோட்டல் எவரெஸ்ட் வியூ வரை ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு, மதியத்துக்குள் கீழே வந்துவிட வேண்டும். டிங்போச்சேயில் ஊருக்குப் பின்னால் இருக்கும் நாங்கர்ட்ஷாங் மேட்டில் முடிந்தவரை ஏறி இறங்க வேண்டும். பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு இரவில் கீழே தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும் வழி.

உங்கள் லீவுக் கணக்குக்கு வருவோம். முதல் நாள் காட்மாண்டு, 2 பாக்டிங், 3, 4 நாம்சே, 5 தெங்போச்சே, 6, 7 டிங்போச்சே, 8 லோபுச்சே, 9 கோரக்ஷெப் போய் அன்றே பேஸ் கேம்ப் (5,364), 10 விடியற்காலை எவரெஸ்ட்டைப் பார்க்கக் காலாபத்தர் மேட்டில் ஏறி இறங்கி ஹெலிகாப்டரில் காட்மாண்டு, 11 ஊருக்கு விமானம். அவர்கள் சொன்னதைவிட இரண்டே நாள் கூடுதல். இறங்கும்போது எவ்வளவு வேகமும் தப்பில்லை, ஹெலிகாப்டர் உட்பட. இதோடு வானிலைக்கென்று இரண்டு நாள் கையில் வையுங்கள். மேகம் மூடினால் லுக்லாவில் விமானமும் இறங்காது, ஹெலிகாப்டரும் பறக்காது. கோரக்ஷெப் காற்றின் அடர்த்தியில் ஹெலிகாப்டர் இரண்டு மூன்று பேரைத்தான் தூக்கும். கீழே பெரிச்சே என்ற ஊரில் இறக்கிவிட்டு மற்றவர்களுக்காகத் திரும்பி வரும். அந்தக் காத்திருப்பைக் கண்டு பதற வேண்டாம்.

டயமாக்ஸ் நல்ல மருந்துதான். அறிகுறிகளை மூடி மறைத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது உண்மையில்லை. சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப் பொருளை வெளியேற்றும்படி செய்கிறது, ரத்தம் சற்று அமிலமாகிறது, அதனால் தூக்கத்திலும் மூச்சு வேகமாக ஓடுகிறது. உடம்பு தானாகச் செய்வதை அது விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. வராமல் தடுக்க 125 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று, ஏற்றம் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. நம் ஊரில் கிடைப்பது 250 மாத்திரை, பாதியாக உடைக்க வேண்டும். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா கலந்த பானங்கள் கசக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உங்கள் பிரஷர் மாத்திரை நீர் பிரியச் செய்யும் வகையா என்றும் அவரிடமே கேளுங்கள். மேலே போன முதல் சில நாள் பிரஷர் கூடும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதைக் கைப்பையில் வையுங்கள், போர்ட்டர் சுமக்கும் மூட்டையில் வேண்டாம்.

10 கி.மீ. ஓட்டம் உங்கள் கால்களுக்கு உதவும். உயர நோய்க்கு அது ஒரு தடுப்பே இல்லை. இன்னும் சொன்னால், மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறவர்தான் முதல் இரண்டு நாள் விரட்டிக்கொண்டு போய் மூன்றாம் இரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கைடு 'பிஸ்தாரை, பிஸ்தாரை' என்றால் மெதுவாக என்று பொருள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

தலைவலியோடு குமட்டலோ, பசியின்மையோ, தலைசுற்றலோ சேர்ந்தால் அன்று ஏறக்கூடாது. குறையும்வரை அதே ஊர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், இருமலில் நுரை வந்தால் அது நுரையீரலில் நீர். மூளை வீக்கத்துக்கு ஒரு எளிய சோதனை: ஒரு காலின் குதிகாலை மறுகாலின் கட்டைவிரலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளை வீக்கம். நுரையீரலில் நீரோ மூளை வீக்கமோ, நடு இரவானாலும் இறங்க வேண்டும். 'காலையில் பார்க்கலாம்' என்று விட்டதில்தான் உயிர் போகிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். 5,000 மீட்டரில் நன்றாக இருப்பவருக்கும் 80 காட்டும், ஆளைப் பாருங்கள். பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவமனை 1973 முதல் இருக்கிறது. சீசனில் அங்கே மதியம் உயர நோய் பற்றிப் பேச்சு நடக்கும். டிங்போச்சேயில் தங்கும் நாளில் நடந்து போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் மனைவிக்கு லோபுச்சேயில் முடியாமல் போனால் அவரோடு இறங்குவது யார்? 'துணை கைடு' என்று உடனே பதில் வந்தால் சரி. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். போர்ட்டருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, அவர் தலையில் ஏறும் எடை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். இருவருக்கு ஒரு போர்ட்டர் என்றால் ஆளுக்கு 15 கிலோவுக்கு மேல் கட்டக்கூடாது. விமானத்தில் கைப்பையும் சேர்த்தே 15தான். அக்டோபர் கூட்டத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும், காட்மாண்டுவிலிருந்து நள்ளிரவில் நான்கைந்து மணி நேரம் காரில் போக வேண்டும். அந்த வண்டி கட்டணத்தில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் இரண்டு வரி பாருங்கள்: எத்தனை மீட்டர் வரை மலையேற்றம் செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. 6,000 மீட்டர் என்று இருந்தால் போதும். தேவையே இல்லாமல் ஹெலிகாப்டர் வரவழைத்து இன்ஷூரன்ஸில் பணம் கறந்த மோசடி 2018இல் நேபாள அரசின் விசாரணை வரை போனது. லேசான தலைவலிக்கே கைடு ஹெலிகாப்டர் என்றால், முதலில் நீங்களே இன்ஷூரன்ஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் விமான நிலையத்தில் உங்கள் வயதில் ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசல்.