சம்பளமும் இல்லாமல், சந்தாவும் கட்டி, எதற்காக ஊர் பேண்டில் வாசிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் படிக்கிற மாணவர் போலிருக்கிறது. டிசம்பரில் சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்று வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தாராம். ஒருவர் பஸ் டிரைவர், ஒருவர் பல் டாக்டர், யாருக்கும் ஒரு பைசா கிடையாது, உண்டியலில் விழுவதெல்லாம் பேண்டுக்குத்தான் என்றார்களாம். அப்படியானால் இவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

நானும் அந்த ஜாதிதான். மேற்கு யார்க்‌ஷரில் ஒரு சின்ன ஊர் பேண்டில் ஒன்பது வருடமாக இரண்டாவது பாரிடோன் (ஒரு பித்தளை ஊதுவாத்தியம்) வாசிக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டரில். சொந்த ஊர் கும்பகோணம். சேர்ந்த புதிதில் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"பேண்டுன்னா? மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாடி ஊதிட்டுப் போவாங்களே, அதுவாடா?"

"கிட்டத்தட்ட அதுதாம்மா."

"எவ்வளவு குடுக்கறாங்க?"

"நான்தாம்மா மாசம் 15 பவுண்டு குடுக்கறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.

நான் சேர்ந்ததே ஒரு விபத்து. மகளுக்கு அப்போது எட்டு வயது. ஊர் பேண்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள், வாத்தியமும் இரவலாகத் தருவார்கள் என்று பள்ளியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சுவரோரம் நாற்காலி போட்டு போனை நோண்டிக்கொண்டிருப்பேன். மூன்றாவது வாரம், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற அம்மாள் (எழுபது வயதிருக்கும்) என் கையில் ஒரு மவுத்பீஸை வைத்தார். "சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இங்கே டீ கிடையாது" என்றார். வாத்தியம் தரவில்லை, மவுத்பீஸ் மட்டும்தான். ஒரு வாரம் காரில் போகும்போதெல்லாம் அதை உதட்டில் வைத்து வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே ஆபீஸ் போனேன். பக்கத்து லேனில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

நாதஸ்வரத்தில் சீவாளி பேசும். இதில் சீவாளி நம் உதடுதான். மூடிய உதடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளி அதை அதிரவைக்க வேண்டும். குழாயும் வால்வும் அதற்கு அப்புறம். அதனால்தான் இங்கே ஒருவர் நன்றாக வாசித்தால் "நல்ல உதடு" என்கிறார்கள். இரண்டு மணி நேரம் வாசித்தபின் உதடு மரத்துப்போய், டீ குடித்தால் சட்டையில் வழியும். மகள் இரண்டு வருடத்தில் தன் கார்னெட்டை (டிரம்பெட் போன்ற சின்ன வாத்தியம்) திருப்பிக் கொடுத்துவிட்டு கால்பந்துக்குப் போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

நம் ஊர் பேண்டு செட்டில் கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் கலந்திருக்கும். பிரிட்டனின் பிராஸ் பேண்டில் கணக்கு கறார். பித்தளைக்காரர்கள் 25 பேர், கூடவே தாளத்துக்கு இரண்டு மூன்று பேர். கிளாரினெட்டும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை. கார்னெட் மட்டும் பத்து, அப்புறம் ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிடோன், யூஃபோனியம், டிராம்போன், கடைசியில் தூங்குகிற பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய பேஸ் நான்கு.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கைக்குள் அடங்கும் கார்னெட்டிலிருந்து அந்தப் பெரிய பேஸ் வரை, வால்வு உள்ள எல்லா வாத்தியத்துக்கும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். தாளில் அந்தப் புள்ளியைப் பார்த்தால் இந்த விரல், அவ்வளவுதான். எந்த ஸ்தாயியில் கேட்கும் என்பதை வாத்தியம் பார்த்துக்கொள்ளும். சம்பளம் இல்லாத பேண்டில் எப்போதும் ஆள் பஞ்சம். ஒருவருக்கு மாற்றலாகும், ஒருவருக்குப் பல் போகும். உடனே கார்னெட்காரர் ஹார்னுக்கு நகர்வார், ஹார்ன்காரர் பாரிடோனுக்கு. விரல் மாறாது, உதடு மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். நானும் டெனர் ஹார்னில் ஆரம்பித்து ஆள் இல்லையென்று பாரிடோனுக்குத் தள்ளப்பட்டவன்தான்.

அதற்கும் மேலே ஆள் குறைந்தால் பக்கத்து ஊர் பேண்டில் கைமாற்று வாங்குவோம். சர்க்கரை வாங்குவது போலத்தான். அடுத்த மாதம் அவர்களுக்கு ஆள் இல்லாதபோது நாம் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் ஓடும்.

இதெல்லாம் பஞ்சாலை, கம்பளி ஆலை, நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்த பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று வால்வு வாத்தியங்கள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. தறியில் காய்த்துப்போன கைக்கும் மூன்று விரல் போதும். பிராட்ஃபோர்டு பக்கம் குவீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டர் என்ற ஆலை முதலாளி 1855ல் ஆதரித்து வளர்த்த பிளாக் டைக் பேண்டு இன்றும் உலகத்தரம். அங்கே வாசிப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை உண்டு. தொழிலாளிகள் குடிக்கப் போகாமல் இருக்கட்டும் என்பது அந்தக் கால முதலாளிகளின் ஒரு கணக்கு. எங்கள் பேண்டு ஒத்திகை முடிந்ததும் நேராகப் போகும் இடம் பப் என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

கேள்விக்கு வருகிறேன். என் மனதில் இதற்கு ஒப்பு கல்யாண பேண்டு இல்லை, மார்கழி பஜனை. எங்கள் தெருவில் விடியற்காலையில் ஜால்ராவும் ஆர்மோனியமுமாக ஒரு கோஷ்டி போகும். பாங்க் குமாஸ்தா, மளிகைக்கடைக்காரர், ஒரு ரிடையர்டு வாத்தியார். யாருக்கும் பெரிய குரல் இல்லை. ஆனால் ஒருவர் வராவிட்டால் போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் நின்று இரண்டு வரி கூடுதலாகப் பாடிவிட்டுத்தான் நகர்வார்கள். இங்கேயும் அதே மார்கழி, அதே குளிர்; சுண்டல், பொங்கலுக்குப் பதில் மின்ஸ் பை என்கிற கிறிஸ்துமஸ் பலகாரம். சூப்பர்மார்க்கெட் வாசலில் விரல் நுனி வெட்டிய கையுறை, இசைத்தாள் பறக்காமல் இருக்க துணி கிளிப். வாத்தியத்துக்குள் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும், வால்வு மெதுவாகும். யாராவது ஒரு குழந்தை வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று டிரம்முக்கு நேரே கையை நீட்டும். டிசம்பரில் அந்த உண்டியலில் விழுவதை வைத்துத்தான் வருடம் முழுக்க ஹால் வாடகை, புதுத் தாள்கள், வாத்திய ரிப்பேர் எல்லாம்.

கோடை ஆரம்பத்தில் வேறு கூத்து. பெந்தெகொஸ்தே ஞாயிறு கழிந்த வெள்ளிக்கிழமையை இங்கே விட் ஃப்ரைடே என்பார்கள். சாடில்வொர்த் பக்கத்து மலைக் கிராமங்களில் 1884லிருந்து அன்று பேண்டுப் போட்டி. (அந்த ஊர்கள் 1974ல் நிர்வாகத்துக்காக மான்செஸ்டர் பக்கம் போய்விட்டன. ஊர்க்காரர்கள் இன்னும் நாங்கள் யார்க்‌ஷர்தான் என்று சண்டைக்கு வருவார்கள்.) நூற்றுக்கும் மேற்பட்ட பேண்டுகள் பஸ் பிடித்து ஊர் ஊராக ஓடும். டெல்ஃபில் இறங்கி, தெருவில் அணிவகுத்து ஊதிக்கொண்டே போய், போட்டிக்கான மார்ச் (அணிநடை மெட்டு) ஒன்றை நின்று வாசித்துவிட்டு, மறுபடி பஸ்ஸுக்கு ஓடி, டாப்கிராஸ், அப்பர்மில் என்று இருட்டும்வரை. நடந்துகொண்டே ஊதும்போது ஒவ்வொரு அடிக்கும் மவுத்பீஸ் பல்லில் இடிக்கும். நடுவர் நம்மைப் பார்க்கவே கூடாது. திரை போட்ட ஒரு கேரவனிலோ, மாடி அறையிலோ உட்கார்ந்து காதால் மட்டும் மார்க் போடுவார். உலகப் புகழ் பேண்டும் எங்களைப் போன்ற சோப்ளாங்கி பேண்டும் ஒரே தெருவில் முன்பின்னாக நிற்போம்.

அப்படி ஒரு தெருவில்தான் என் மானம் போனது. அந்த மார்ச் மெட்டின் நடுவில் ஒரு இடத்தில் எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டும். ஒரே ஒரு தட்டு மௌனம். எல்லோரும் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. மலைச்சரிவு முழுக்க என் ஒற்றை பாரிடோன். இரண்டு வாரம் கழித்து நடுவரின் குறிப்புத்தாள் வந்தது. பாராட்டாக நான்கைந்து வரி, அதற்குக் கீழே தனியாக "பாரிடோன்?" என்று ஒரே வார்த்தை. கேள்விக்குறியை நன்றாக அழுத்திப் போட்டிருந்தார். கண்டக்டர் அதை ஒத்திகையில் சத்தமாக வாசித்தார். திட்டவில்லை. சந்தா கட்டுகிறவனைத் திட்டவும் முடியாது.

வீட்டுக்கு வந்து அந்த மார்ச் அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையளவு அட்டை, ஓரமெல்லாம் பழுப்பு. நான் தவறிய அதே இடத்துக்கு மேலே மங்கலான பென்சிலில் யாரோ ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார். 'இங்கே கண்ணை வை' என்பதற்கு வாத்தியக்காரர்களின் அடையாளம் அது. அதற்குப் பக்கத்தில், அவருக்கு அப்புறம் வந்தவரோ என்னவோ, இன்னொரு மூக்குக்கண்ணாடி, வேறு கை. பின்பக்கம் '1978 மழை' என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. நான் என் பங்குக்கு மூன்றாவது கண்ணாடியை வரைந்துவைத்தேன், கொஞ்சம் பெரிதாகவே.

என் யூனிஃபார்ம் கோட்டும் அப்படித்தான். சிவப்பு கோட், தங்கச் சரிகை. உள்பையில் தைத்த பட்டையில் மூன்று பெயர்கள் அடித்து, நான்காவதாக என் பெயர். என் பெயரை முழுதாக எழுத இடம் போதவில்லை.

குறையே இல்லையா என்றால், நிறைய. ஒத்திகை முடிந்ததும் நாற்காலி மடிப்பவர்கள் எப்போதும் அதே மூன்று பேர். கமிட்டிச் சண்டை நம் ஊர் சபா சண்டைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. நாம் பத்து வருடம் வளர்த்த பிள்ளை நன்றாக வாசிக்க ஆரம்பித்ததும் பெரிய பேண்டு ஒன்று வந்து கொத்திக்கொண்டு போகும். போட்டி மோகமும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. பிப்ரவரி முழுக்க ஒரே பாட்டை மாவாட்டுவது போல ஆட்டிக்கொண்டிருப்போம்.

ஆனால் நவம்பரில் போர் நினைவு ஞாயிறன்று ஊர் நடுகல் முன்னால் நிற்கும்போது, பதினாறு வயதுப் பெண் தனியாகக் கார்னெட் எடுத்து ஊதுவாள். கூட்டத்தில் ஒரு இருமல் கேட்காது. அதற்கப்புறம் தேசிய கீதம். எனக்கு மட்டும் உள்ளே வேறு வார்த்தை ஓடும். முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுக்கே சியாமளா தேவி மேல் சாகித்தியம் செய்திருக்கிறார். பாட்டு வகுப்பில் நோட்டுஸ்வரம் (மேல்நாட்டு மெட்டுகளில் அவர் செய்த பாட்டுகள்) படித்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் பேண்டைக் கேட்டுத்தான் அவர் அவற்றைச் செய்தார். ஆக, எங்கள் பக்கத்துக்கும் பேண்டுக்கும் இருநூறு வருடப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

கிரைம்தார்ப் என்று ஒரு சுரங்க ஊர். 1992 அக்டோபரில் அந்தச் சுரங்கத்தை மூடப்போவதாக அரசு அறிவித்த அதே வாரம், அந்த ஊர் பேண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியக் கோப்பையை வென்றது. அடுத்த வருடம் சுரங்கம் மூடியது. பேண்டு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது. 'என்ன கிடைக்கிறது' என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்தது சின்னது.

போன வருடம் தம்பி மகன் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட். சிவப்பு கோட், தங்கச் சரிகை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஊர்வலத்தில் இவர்களுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன், ஒருவர் முகமும் நினைவில் இல்லை. கடைசிப் பந்தி வரைக்கும் அவர்களை வெளியே நிற்க வைப்போம், அதுவும் தெரியும். இந்தத் தடவை என் கண் நேராக யூஃபோனியம்காரரின் விரலுக்குப் போய்விட்டது. இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டித் தட்டி மேலே தூக்கிவிட்டுக்கொண்டே ஒரு சுரம்கூடத் தவறாமல் வாசித்தார். ஊர்வலம் கோயில் வாசலில் நின்றபோது பக்கத்தில் போனேன்.

"அண்ணே, வால்வு பிடிக்குதா?"

ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வாசிப்பீங்களா சார்?"

பாரிடோன் என்றேன். வேட்டி நுனியால் மவுத்பீஸைத் துடைத்து வாத்தியத்தை என்னிடம் நீட்டினார். மெதுவாக ஒரு ஸ்கேல் போய்வந்தேன். தலையை ஆட்டினார், நன்றாக இருக்கிறது என்றா, பரவாயில்லை என்றா, தெரியவில்லை.

"அங்க ஒரு புரோகிராமுக்கு என்ன ரேட்டு சார்?"

சொன்னேன். சிரிப்பு அடங்க அவருக்கு நேரமாயிற்று. பக்கத்தில் டிரம்காரரைக் கூப்பிட்டு, "சாரு காசு குடுத்து வாசிக்கிற பேண்டாம்டா" என்றார். அப்புறம் வால்வுக்கு என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டார். தாங்கள் சில சமயம் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விடுவோம் என்றார். அடுத்த தடவை வரும்போது வால்வு எண்ணெய் நான்கு பாட்டில் கொண்டுவருகிறேன் என்று சொல்லி நம்பர் வாங்கினேன். பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பாட்டில்கள் பெட்டியில் எடுத்து வைத்தாயிற்று. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன்.